கல்யாணப் பத்திரிகையும் ஆனந்தின் குதிரையும்: செஸ் உரையைப் படிக்க நான் கற்ற வழி

என் ஜெராக்ஸ் கடையில் பழைய கல்யாணப் பத்திரிகை எதையும் தூக்கிப் போடுவதில்லை. அட்டை கெட்டியாக இருக்கும், ஓரம் நேராக இருக்கும், ஒரு ஏ4 தாளின் பாதியை அப்படியே மறைக்கும். பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் ஆட்டத்துக்கு நிபுணர் எழுதிய உரையை அச்செடுத்து, அதன் மேல் இந்த அட்டையை வைத்து மூடிக்கொண்டு, வரி வரியாகக் கீழே இழுத்துப் படிப்பதுதான் ஆறு வருஷமாக என் செஸ் பயிற்சி.

அதற்கு முந்தைய பத்து வருஷமும் படித்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு, தொடர்கதை படிக்கிற மாதிரி. "ஆகா, என்னமா குதிரையைக் கொடுத்திருக்கிறான்!" என்று வியப்பேன், தூங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போய்ப் பதினாலாவது நகர்வில் யானையைச் சும்மா விடுவேன். படித்ததில் ஒன்றும் கைக்கு வரவில்லை. அப்போதுதான் பள்ளியில் தமிழ் ஐயா குறள் வகுப்பில் திட்டியது நினைவுக்கு வந்தது: மூலத்தோடு மல்லுக்கட்டாதவனுக்கு உரை எதற்கு? செஸ்ஸிலும் அதே கதைதான். நகர்வுகள் மூலம், நிபுணர் எழுதுவது உரை. நான் பத்து வருஷம் உரையை மட்டும் படித்திருக்கிறேன்.

எப்படிப் படிப்பது என்று பொதுவாகச் சொன்னால் காற்றில் போய்விடும். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ ஊரில் நடந்த டாடா ஸ்டீல் போட்டி. வெள்ளைக்கு ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன், கறுப்புக்கு அப்போது உலக சாம்பியனாக இருந்த நம் விஸ்வநாதன் ஆனந்த். இருபத்து மூன்றே நகர்வில் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். பலரும் உரை எழுதிய ஆட்டம், அதனால் உங்களுக்கும் சுலபமாகக் கிடைக்கும்.

காய்களின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்தில் ராணியை மந்திரி என்பார்கள், இன்றைய பிள்ளைகளோ பிஷப்பை மந்திரி என்கிறார்கள். குழப்பம் வேண்டாம். இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய். சி2, எச்7 என்று வருவதெல்லாம் கட்டத்தின் பெயர்: எழுத்து ஏ முதல் எச் வரை நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசை.

எந்த உரையை எடுப்பது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கம்ப்யூட்டர் என்ஜின் கொடுத்த எண்களை மட்டும் வரிசையாக அடுக்கியிருந்தால் தொடவே மாட்டேன். "+0.6", அதாவது வெள்ளை கொஞ்சம் மேலே, என்பது எனக்கு என்ன சொல்லித் தரும்? ஒரு பக்கத்துக்கு நான்கு இடத்திலாவது வார்த்தையில் "ஏன்" என்று விளக்கியிருக்க வேண்டும். ஆடியவரே எழுதியது கிடைத்தால் முதல் மரியாதை அதற்குத்தான். எந்த நகர்வு வீட்டில் தயாரித்துக்கொண்டு வந்தது, எது போர்டின் முன்னால் வேர்த்துக்கொண்டே கண்டுபிடித்தது என்பது அவருக்குத்தானே தெரியும். ஆங்கிலம் தகராறு என்றால் கவலை வேண்டாம். 1966ல் பெல்கிரேடில் தொடங்கிய 'செஸ் இன்ஃபார்மேட்டர்' எந்த மொழிக்காரரும் படிக்கும்படி குறியீட்டிலேயே உரை எழுதுவதைப் பரப்பியது. ஆச்சரியக்குறி ஒன்று என்றால் நல்ல நகர்வு, இரண்டு என்றால் அபாரம், கேள்விக்குறி தவறு, இரட்டைக் கேள்விக்குறி பெருந்தவறு. இரண்டும் கலந்து வந்தால் முதலில் நிற்கும் குறியைப் பாருங்கள்: ஆச்சரியம் முன்னால் என்றால் "சுவாரஸ்யம்", கேள்வி முன்னால் என்றால் "சந்தேகம்".

சரி, போர்டை எடுங்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ நிஜ போர்டு. போன் திரையில் விரல் தானாக அடுத்த அம்புக்குறியை அழுத்திவிடும்.

முதல் தடவை உரையைப் பார்க்காமல் ஆட்டத்தை மட்டும் வேகமாக ஆடிப் பார்க்கலாமா, கூடாதா? என் அக்கா மகளின் கோச் கூடவே கூடாது என்கிறார், விடை தெரிந்துவிடுமாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் மாதிரி சுமாரான ஆட்டக்காரர்கள் முடிவு எந்தப் பக்கம் என்பதையாவது தெரிந்துகொண்டு உட்கார்ந்தால்தான் பொறுமை நிற்கும். ஜெயித்தது யார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு அட்டையைப் போட்டுவிடுவேன்.

ஓபனிங்கில், அதாவது தொடக்க நகர்வுகளில், தங்க மாட்டேன். இந்த ஆட்டம் செமி-ஸ்லாவ் என்ற தொடக்க முறையில் மெரான் என்ற கிளை. முதல் பதினொரு நகர்வும் பத்து நிமிஷம். அதற்குள் உரைகாரர் நாற்பது ஆட்டங்களை மேற்கோள் காட்டியிருப்பார், எல்லாவற்றையும் தாண்டிப் போங்கள். பதினொன்று முடிந்ததும் இரண்டு பக்கமும் கேஸ்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்து நகர்த்தி ஓரமாகப் பத்திரப்படுத்துவது) ஆகியிருக்கும், வெள்ளையின் ராணி சி2-லும் பிஷப் டி3-லும் ஒரே மூலைவிட்டத்தில் நின்று எச்7 சிப்பாயை முறைத்துக்கொண்டிருக்கும். கறுப்பின் பிஷப்புகள் பி7, டி6, யானை ஒன்று சி8. இங்கிருந்துதான் அட்டைக்கு வேலை.

பன்னிரண்டாவது நகர்வில் அரோனியன் குதிரையை ஜி5-க்குப் பாய்ச்சினார். இங்கே நிறுத்துங்கள். நோட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: நான் என்ன ஆடுவேன், ஏன், அதற்கு எதிராளி என்ன பதில் தருவார். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் வெறும் ஊகம், இருந்தால்தான் கணக்கு. நேரம் ஐந்து நிமிஷம், சிக்கலான இடமென்றால் பத்து. அதற்கு மேல் போனால் கடையில் வாடிக்கையாளர் கத்துவார்.

நான் எழுதியது: "எச்6. குதிரையை விரட்ட." அட்டையை இழுத்தேன். ஆனந்த் ஆடியது சிப்பாய் சி5. குதிரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. உரைகள் சொல்லும் காரணம் எளிது: ஓரத்தில் அடி விழும்போது நடுவில் திருப்பி அடி. சிப்பாய் சி6-ஐ விட்டு நகர்ந்ததும் பி7 பிஷப்பின் முன்னால் இருந்த கதவு திறக்கிறது, ஜி2 வரை நேர் பார்வை.

இங்கே நோட்டில் எழுத வேண்டியது "சி5 நல்ல நகர்வு" என்பதல்ல. அது ஆனந்துக்குத் தெரியும். எழுத வேண்டியது என் மண்டை எங்கே பிசகியது என்பது. நான் எழுதினேன்: "மிரட்டலைக் கண்டதும் மிரட்டிய காயை மட்டும் பார்த்தேன். மற்ற பாதி போர்டைப் பார்க்கவே இல்லை." இந்த வாக்கியம் என் நோட்டில் இதுவரை பதினேழு ஆட்டங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக உபயோகமான தகவல் அதுதான்.

ஒப்பிடும்போது இன்னொரு எச்சரிக்கை. நகர்வு பொருந்திவிட்டால் குதிக்காதீர்கள். பதின்மூன்றில் வெள்ளைக் குதிரை எச்7 சிப்பாயை வெட்டியது. ஆனந்த் அதைத் திருப்பி வெட்டாமல் எஃப்6 குதிரையை ஜி4-க்கு ஏற்றினார். நானும் அதையே எழுதியிருந்தேன்! ஆனால் நான் எழுதிய காரணம் "ராணியை எச்4-க்குக் கொண்டுவர" என்பது மட்டும். டி6 பிஷப் எச்2-ஐக் குறிவைக்கிறது என்பதும், அதனால்தான் வெள்ளை எஃப்4 ஆடி அந்தக் கோட்டை அடைக்க நேர்ந்தது என்பதும், அப்படி அடைத்ததில் எஃப்2 காலியாகி இன்னொரு மூலைவிட்டம் திறந்தது என்பதும் என் கணக்கிலேயே இல்லை. சரியான நகர்வு, அரைகுறைக் காரணம். இதற்கு நான் பாதி மார்க்தான் போடுவேன். தப்பான நகர்வாவது உறுத்தும், இது உறுத்தாமலே போய்விடும்.

அந்த இன்னொரு மூலைவிட்டம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். பதினாலில் சிப்பாய்கள் டி4-ல் வெட்டிக்கொண்டன. பதினைந்தில் ஆனந்த் டி6 பிஷப்பைச் சி5-க்கு நகர்த்தினார், வெள்ளையின் டி4 சிப்பாய் சும்மா வெட்டக்கூடிய இடத்தில்! வெட்டினால் டி7 குதிரை சி5-ல் திருப்பி வெட்டும், டி3 பிஷப் மேல் பாயும், ராணிக்கு டி4-ல் செக் கொடுக்க வழி பிறக்கும். அரோனியன் வெட்டவில்லை. பிஷப்பை இ2-க்கு இறக்கி ஜி4 குதிரையைத் தாக்கினார்.

இப்போது போர்டைப் பாருங்கள். கறுப்பின் சி5 பிஷப்பை டி4 சிப்பாய் வெட்டலாம், ஜி4 குதிரையை இ2 பிஷப் வெட்டலாம், எஃப்8 யானையை எச்7-ல் உட்கார்ந்திருக்கும் குதிரை வெட்டலாம். மூன்று காய் வெட்டில். நீங்கள் என்ன ஆடுவீர்கள்? பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனந்த் நான்காவதாக இன்னொன்றையும் வைத்தார். டி7 குதிரை இ5-க்கு. பல உரைகளில் இரட்டை ஆச்சரியக்குறி.

ஆச்சரியக்குறியைக் கண்டால் கைதட்டத் தோன்றும். அதற்குப் பதில் சண்டை பிடியுங்கள். "ஏன், நான் வெட்டினால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். நான் கேட்டேன். நோட்டில் எழுதினேன்: "டி4 சிப்பாய் இ5 குதிரையை வெட்டும். கறுப்புக்கு ஒன்றும் இல்லை." உரையில் இந்த நகர்வுக்குப் பதிலே இல்லை. நிபுணர் கோட்டை விட்டுவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

"மாமா, அது வெட்டவே முடியாது. பின்னாடி ராஜா நிக்குறாரு."

சி5 பிஷப், டி4 சிப்பாய், அப்புறம் இ3 காலி, எஃப்2 காலி, ஜி1-ல் ராஜா. சிப்பாய் நகர்ந்தால் ராஜாவுக்குச் செக். விதிப்படியே ஆட முடியாத நகர்வு. உரைகாரர் எழுதாததற்குக் காரணம் அதுதான். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: உரை ஒரு நகர்வைப் பற்றி மௌனமாக இருந்தால், ஒன்று அது மிகச் சாதாரணமாகத் தோற்கிறது, அல்லது நான் எதையோ பார்க்கவில்லை, அபூர்வமாக மூன்றாவதாக அவரே பார்க்கவில்லை. இந்த வரிசையில்தான் சந்தேகப்பட வேண்டும்.

எஃப்4 சிப்பாயால் வெட்டலாம் அல்லவா? அதற்கு உரையில் பதில் இருக்கிறது, அடைப்புக்குறிக்குள். பலர் அடைப்புக்குறியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "வேறு மாதிரி ஆடினால்?" என்று நீங்கள் கேட்கப்போவதை முன்கூட்டியே ஊகித்து எழுதிய பதில்தான் அடைப்புக்குறி. அதற்கென்று இரண்டாவது போர்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் போர்டில் ஆட்டம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், கிளைகளை இரண்டாவதில் ஆடுங்கள். ஒரே போர்டில் முன்னும் பின்னும் போனால் மூன்றாவது கிளையில் ஒரு சிப்பாய் எங்கேயோ தொலைந்திருக்கும்.

இரண்டாவது போர்டில் வையுங்கள்: வெள்ளை எஃப் சிப்பாயால் இ5-ல் வெட்டுகிறது. கறுப்பு ராணி டி4 சிப்பாயை வெட்டிச் செக். ராஜா எச்1-க்கு ஒதுங்குகிறது. ராணி ஜி1-ல் போய் விழுந்து செக்! சி5 பிஷப் காவல் இருப்பதால் ராஜா அதைத் தொட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் ஜி4 குதிரை எஃப்2-ல் இறங்கி செக்மேட். ராஜாவைச் சுற்றி அதன் சொந்தப் படையே சுவர் கட்டி நிற்கிறது. இந்த நகர்வுகளைக் கையால் நகர்த்திப் பார்த்தவனுக்கும் கண்ணால் வாசித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் போட்டியில் தெரியும்.

ஆகவே அரோனியன் பிஷப்பால் ஜி4-ல் வெட்டினார். கறுப்பு பிஷப் டி4-ல் வெட்டிச் செக், ராஜா எச்1, மற்றக் குதிரை ஜி4-ல் வெட்டியது. பத்தொன்பதில் வெள்ளைக் குதிரை எஃப்8 யானையை வெட்டியது.

இங்கே அட்டையை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். என்னிடம் கேட்டால் இந்த ஆட்டத்தில் படிக்க வேண்டிய இடம் குதிரைப் பலி அல்ல, இதுதான். ஒரு யானை போயிருக்கிறது, வெட்டிய குதிரை ராஜாவின் பக்கத்திலேயே நிற்கிறது. யாராக இருந்தாலும் ராஜாவால் வெட்டத்தான் கை போகும். நான் எழுதியதும் அதுவே, ஐந்து விநாடியில். ஆனந்த் சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளினார். செக் இல்லை, வெட்டு இல்லை, சத்தமே இல்லை.

காரணம் பாருங்கள். சி2-ல் இருந்து எச்7 வரை வெள்ளை ராணிக்குத் திறந்த பாதை இருந்தது. வெள்ளைக்கு எதிர்த்தாக்குதல் என்று ஏதாவது இருந்தால் அது அந்தப் பாதையில்தான். எஃப்5 அதை மூடுகிறது, ஜி4 குதிரைக்கு முட்டும் கொடுக்கிறது. எஃப்8 குதிரை ஓடினால் ஓடட்டும். அது ஜி6-க்கு ஓடியது, கறுப்பு ராணி எஃப்6-க்கு வந்து, இருபத்தொன்றில் வெள்ளை எச்3 ஆடியதும் அதை நிதானமாக ஜி6-லேயே வெட்டியது. நோட்டில் நான் எழுதியது: "தாக்குதல் நடுவே ஒரு கதவை மூடிவிட்டு வந்தார்." அதற்குப் பிறகு என் சொந்த ஆட்டங்களில் தாக்கிக்கொண்டிருக்கும்போது "எதிராளிக்குத் திறந்திருக்கிற ஒரே கதவு எது?" என்று கேட்கப் பழகினேன். ஒரு ஆட்டத்துக்கு ஒன்றுதான் எடுத்துக்கொள்வேன். ஏழெட்டு எழுதினால் ஒன்றுகூட நிற்பதில்லை.

கடைசி நகர்வை மட்டும் உரை இல்லாமல் நீங்களே பிரித்துப் பாருங்கள். இருபத்திரண்டில் வெள்ளை ராணி இ2-க்கும் கறுப்பு ராணி எச்5-க்கும் போயின. இருபத்து மூன்றில் வெள்ளை ராணி டி3-க்கு வந்து மூன்றாவது வரிசை வழியாக எச்3 சிப்பாயைக் காத்தது. ஆனந்த் பிஷப்பை டி4-லிருந்து இ3-ல் வைத்தார், அரோனியன் கை கொடுத்தார். ராணிக்கும் எச்3-க்கும் நடுவில் பிஷப் சுவர், ஜி2 சிப்பாயை பி7 பிஷப் ராஜாவோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கிறது, எச்3 சிப்பாயை எச்5 ராணி கட்டிப் போட்டிருக்கிறது. யாரும் அசைய முடியாது.

பெரும்பாலான உரைகள் இந்த ஆட்டத்தில் இன்னொரு பெயரைச் சொல்லும்: போலந்தின் பழைய மாஸ்டர் அகிபா ரூபின்ஸ்டைன். 1907ல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக அவர் கறுப்பில் ஆடிய ஆட்டம். பெயரைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டு அந்த ஆட்டத்தை எடுத்து வையுங்கள், அதுதான் என் பழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புல்லரிக்கும்: பி7-ல் ஒரு பிஷப், எஃப்2-ஜி1 பக்கம் பார்த்த இன்னொரு பிஷப், ஜி4-ல் குதிரை, எச்1-க்கு ஒதுங்கிய வெள்ளை ராஜா. ரூபின்ஸ்டைன் அதில் ராணியையும் யானையையும் அள்ளிக் கொடுத்து இருபத்தைந்தாவது நகர்வில் யானையை எச்3-ல் வைத்து முடித்தார். இன்னொரு வேடிக்கை, மெரான் கிளைக்கு அந்தப் பெயர் வந்ததே 1924ல் மெரான் ஊரில் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராக ரூபின்ஸ்டைன் அதை ஆடியதால். ஆனந்தின் கண்ணுக்கு இ5 தெரிந்தது, எனக்கு எச்6 தெரிந்தது என்றால், அவர் மண்டைக்குள் இப்படி எத்தனை ஆட்டங்கள் குடியிருக்கும் என்று யோசியுங்கள்.

உரைகாரரை அப்படியே நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் எழுத உட்காரும்போது யார் ஜெயித்தார் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஜெயித்தவரின் எல்லா நகர்வும் திட்டமிட்டது போலவும், தோற்றவர் முதலிலிருந்தே தடுமாறியது போலவும் ஒரு சாயம் ஏறிவிடும். முடிந்தால் இரண்டு பேர் உரை படியுங்கள். ஒரே குறளுக்குப் பரிமேலழகர் ஒன்று சொல்வார், மணக்குடவர் வேறொன்று சொல்வார், அந்த வேறுபாட்டில்தான் நாம் யோசிக்க ஆரம்பிப்போம். இருவரும் முட்டிக்கொள்ளும் இடத்தை மட்டும் வட்டமிட்டு வைத்து, எல்லாம் முடிந்த பிறகு என்ஜினைத் திறந்து கேளுங்கள். முதலிலேயே திறந்தால் அது விடையைச் சொல்லிவிடும், கேள்வி பிறக்கவே பிறக்காது.

ஒரு வாரம் கழித்துப் புத்தகம் இல்லாமல் ஆட்டத்தை யாருக்காவது ஆடிக் காட்டுங்கள். எங்கே திக்குகிறதோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம். நான் அக்கா மகளுக்குக் காட்டினேன். பதின்மூன்றில் குதிரை ஜி4 என்று வைத்துவிட்டு, "இப்ப வெள்ளை எஃப்4 ஆடியே ஆகணும்" என்றேன்.

"ஏன் மாமா? எச்3 ஆடி குதிரைய விரட்டலாமே?"

திக்கினேன். என் அச்சுத்தாளில் அதற்கு ஒரு வரியும் இல்லை. இரண்டாவது போர்டை எடுத்தோம். கறுப்பு பிஷப் எச்2-ல் செக், ராஜா எச்1, ராணி எச்4. "சரி, இப்ப குதிரையை வெட்டிடலாம்ல?" என்று நான் எச்3 சிப்பாயால் ஜி4-ல் வெட்டினேன். அவள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எச்2 பிஷப்பை ஒரே கட்டம் நகர்த்தி ஜி3-ல் வைத்தாள், ராணியின் வழி திறந்து செக். ராஜா ஜி1. ராணி எச்2, செக்மேட்.

"ஆனா நீங்க வெட்டாம வேற ஆடியிருக்கலாம். அத இன்னும் பாக்கல," என்று சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்து அச்சுத்தாளின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள். ஆதார் கார்டு ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். போர்டைக் கலைக்காமல் அப்படியே லேமினேஷன் மெஷின் மேல் தூக்கி வைத்தேன்.